சிறுவர் இலக்கியமும் இனஒதுக்கலும்: றூபி பிரிட்ஜஸின் நினைவுநூல் பற்றிய ஒரு நோக்கு

இனஒதுக்கலின் கொடுமையைச் சிறுவருக்கு எவ்வளவு தூரம் எடுத்துரைக்கலாம் என்னும் வினா அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. 2021ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்தின் வில்லியம்சன் மாவட்டத்திலே, றூபி பிரிட்ஜஸ் எழுதிய சிறுவர் நூலொன்று பாடசாலையிற் பயன்படுத்தப்பட்டமைக்குப் பெற்றோர் அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது. நூலின் முடிவில் ஆறுதல் தரும் மீட்சி இல்லை என்பது அவ்வமைப்பினரின் குறைகளுள் ஒன்று. அவ்வாறான ஆறுதலைத் தருவதுதான் சிறுவர் இலக்கியத்தின் கடமையா? இதற்கான விடையை அவர் 1999இல் 'என் கண்களினூடாக' எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட நினைவுநூலிற் காணலாம்.

பாடசாலைகளில் நிலவிய இனஒதுக்கல் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1960 நவம்பர் 14ஆம் நாள், ஆறு வயதுச் சிறுமி றூபி, சமஷ்டி அரசின் மார்ஷல்கள் காவலாக வர, நியூ ஓர்லியன்ஸ் நகரின் வில்லியம் பிரான்ஸ் ஆரம்பப் பாடசாலையினுள் நுழைந்தாள். வாயிலிற் கூச்சலிட்ட கூட்டத்தைக் கண்டு, அந்நகரின் மார்டி கிரா திருவிழா என்றே அவள் எண்ணினாள். ஆசிரியர் இவ்வறியாமையைத் திருத்தாமல் விட்டு, அக்காலப் பத்திரிகைச் செய்திகளையும் புகைப்படங்களையும் அருகிலே வைக்கிறார். குழந்தை அறியாததை வாசகர் அறிகின்றனர். நூலின் வலிமை இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளது.

அக்காலத்தில் றூபியைச் சந்தித்து வந்த உளமருத்துவர் றொபேட் கோல்ஸ் 1995இல் எழுதிய படக்கதை, தன்னை வைதோருக்காக அச்சிறுமி செய்த பிரார்த்தனையுடன் நிறைவெய்துகிறது. அது நெஞ்சைத் தொடுவதே; ஆயினும் வாசகர் உள்ளம் அம்மன்னிப்பிலேயே இளைப்பாறிவிடுகிறது. றூபியின் நூலோ கொடுத்த விலையையும் கணக்கிடுகிறது. தந்தை தொழிலை இழந்தார். நஞ்சூட்டுவதாக மிரட்டப்பட்ட சிறுமி, கொண்டுசென்ற உணவை உண்ணாது வகுப்பறை அலுமாரியில் ஒளித்து வைத்தாள்.

நூலின் உச்சம் இவற்றிலும் எளியதோர் இடத்தில் அமைகிறது. வெள்ளையினச் சிறுவனொருவன், தாய் தடுத்திருப்பதால் அவளுடன் விளையாட முடியாது என்று இழிசொல்லோடு கூறுகிறான். தன் நிறமே அனைத்துக்கும் காரணம் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்குகிறது. தாய் அவ்வாறு பணித்திருந்தால் தானும் கீழ்ப்படிந்திருக்கக்கூடும் என்று எண்ணுகிற ஆசிரியர் அவனைக் குற்றவாளியாக்கவில்லை. இனவெறுப்பு பிறப்போடு வருவதன்று, வீட்டில் நல்ல பிள்ளையாக இருக்கக் கற்கும்போதே கற்கப்படுவது என்னும் உண்மை இங்கு போதனையின்றிப் புலப்படுகிறது.

குறையும் இல்லாமலில்லை. பிற்காலத்தில் அதே பாடசாலை பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குரியதாக மாறியதை இறுதிப் பகுதி சுட்டுகிறது. ஆனால் வெள்ளையர் புறநகர்களுக்குப் பெயர்ந்தமை போன்ற சமூகப் பொருளாதாரக் காரணங்களை அது ஆழமாக ஆராயாது, தனிமனித நல்லெண்ணத்திலேயே நம்பிக்கை வைக்கிறது.

எனினும், ஆறு வயதுக் குழந்தை தாங்கிக்கொண்டதை அதே வயதினர் வாசிக்கலாகாது எனல் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது ஆறுதலான முடிவன்று; அச்சிறுவனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்கும் துணிவே. அதனை இந்நூல் வழங்குகிறது.