யார்கிட்ட கேக்கறது?

மரக்காணம் போய்வந்த பிறகு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலை மறுபடி எடுத்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. அதில் கொடுமைக்கு ஒரு முகம் உண்டு. அது அளத்துக்குள்ளேயே நடமாடுகிறது, எதிர்த்து நிற்கலாம்.

மரக்காணத்தில் வரப்போரம் நின்ற அக்கா சொன்னது வேறு: “மிதிச்சு மிதிச்சுப் பதம் பண்ணி வச்ச பாத்தி தம்பி. கோடையில ஒரு மழை பேஞ்சா போச்சு. இத யார்கிட்ட போய் கேக்கறது?”

நம் சூழலியல் எழுத்து தாண்டிப் போகிற சொல் இந்த ‘யார்கிட்ட’தான். பருவநிலை மாற்றத்தை உலகப் பிரச்சினையாக எழுதுகிறோம். இல்லையென்றால் உருக்கமான ஊர்ச்சித்திரமாக எழுதுகிறோம். நடுவில் இருக்கும் அரசுகளை விட்டுவிடுகிறோம்.

அந்த ஒரு பாத்தியைச் சுற்றி எத்தனை அரசுகள்! உப்பு, அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 58வது இனம். நிலம் மாநிலப் பட்டியலில். கடற்கரையை ஒழுங்குபடுத்துவது ஒன்றிய அரசின் அறிவிக்கை. பக்கத்திலுள்ள கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக 2021இல் அறிவித்தது மாநில அரசு.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் இந்தப் பக்கம்தான் கரை கடந்தது. புயலும் வெள்ளமும் ஒன்றிய அரசின் பேரிடர் பட்டியலில் இருக்கின்றன. பருவம் தப்பிய சாதாரண மழை அதில் இல்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாத தொழிலாளர்களுக்கு மாநில அரசு 5,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது நாள்காட்டியை நம்புகிறது. அக்காவின் மழை நாள்காட்டியில் வருவதில்லை.

கூட்டாட்சியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒன்றியப் பட்டியலில் வெப்ப அலை இல்லாதபோதே 2024இல் தமிழ்நாடு அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. டெல்லிக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து இறங்கும் அதிகாரம் எங்கே நிற்கிறது? மாவட்டப் பருவநிலை இயக்கத்துக்குத் தலைமை கலெக்டர். அதற்குக் கீழே, எந்த மாதம் மழை பெய்து எவ்வளவு உப்பு கரைந்தது என்று அறிந்த ஊருக்கு, முடிவெடுக்கும் இடம் இல்லை.

அதற்காகக் கிராம சபையைக் கொண்டாடவும் மாட்டேன். பக்கத்தில் இருக்கும் அதிகாரமும் கொடுமையாகலாம் என்று ‘கரிப்பு மணிகள்’தான் கற்றுத் தந்தது. ஊருக்கு அதிகாரம் வந்தால் அதில் அளத்து உடைமையாளர் மட்டும் உட்காரக் கூடாது, பாத்தி மிதிப்பவரும் உட்கார வேண்டும்.

அன்றைய நாவல் முதலாளியின் முகத்தை எழுதியது. இன்று எழுத வேண்டியது, ஒரு மனு மேசை மேசையாக நகரும் கதை. சுவாரசியம் குறைவுதான். ஆனால் அக்காவின் கேள்வி அங்கேதான் தொலைகிறது.