டி அல்ல, ஐ

லினக்ஸில் ‘பிஎஸ்’ கட்டளை தரும் பட்டியலில் என் கண் முதலில் தேடுவது சதுர அடைப்புக்குள் நிற்கும் பெயர்களைத்தான். கேத்ரெட்டி, கேவொர்க்கர், கேஸ்வாப்டி எல்லாம் கெர்னல் த்ரெட்கள். ஒவ்வொன்றின் நிலைக்கும் ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் தூக்கம். ‘டி’ என்றால் சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கம். அந்த எழுத்து உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது, தம்புராவோடு சுரம் சேர்கிறதா என்று காது கொடுப்பதைப் போன்ற சுகம்.

சென்னையை அடுத்த பீர்க்கன்கரணை வீடுகளின் பரணில் 2011 காலத்து அரசு மடிக்கணினி கிடந்தால் எடுத்துப் பாருங்கள். சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு அதில் இருக்கும். அங்கே வேலையில்லாத கெர்னல் த்ரெட் ‘எஸ்’ என்று காட்டும். சிக்னல் வந்தால் எழுவேன் என்பது அதன் பொருள்; கெர்னல் த்ரெட்டோ பொதுவாகச் சிக்னலைக் கண்டுகொள்வதே இல்லை. ‘டி’ நிலையில் தூங்கினால் லோடு ஆவரேஜ், அதாவது கணினியின் சராசரி வேலைப்பளு, ஏறிவிடும்; அதனால்தான் இந்தப் பொய். 2015-இல் கெர்னலின் 4.2 பதிப்பில் அதன் நிரலாளர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா ‘டாஸ்க்_ஐடில்’ என்ற நிலையைக் கொண்டுவந்தார்: சிக்னலால் எழுப்பவும் முடியாது, லோடிலும் சேராது. உள்ளே கணக்கு நேரானது. வெளியே எழுத்து மட்டும் ‘டி’யாகவே நின்றது, எச்டாப் போன்ற கருவிகள் அதைச் சிவப்பில் காட்ட, புகார் போனது. 2017-இல் வந்த 4.14 பதிப்பு ‘ஐ’ என்ற எழுத்தைத் தந்தது. இரண்டு ஆண்டு கழித்தாவது ஓர் எழுத்தைத் திருத்திய அந்த அக்கறைக்குத் தலைவணங்குகிறேன்.

சோதனையின் அழகு அதன் சிக்கனத்தில். ‘கேத்ரெட்_ரன்’ வழியே ஒரு த்ரெட்டைத் தொடங்கும் சிறு மாட்யூல் போதும். அதை ‘டி’யில் தூங்கவையுங்கள். வேறு வேலையில்லாத கணினியில் ஒரு நிமிட லோடு ஆவரேஜ் 1-ஐ நோக்கி ஏறும். முதல் நிமிட முடிவில் ஏற்றம் ஏறத்தாழ 0.63. தூக்கம் 120 வினாடியைத் தாண்டி நீண்டால் கேஹங்டாஸ்க்டி கெர்னல் பதிவில் எச்சரிக்கும். இப்போது நிலையைக் குறிக்கும் ஒரே சொல்லை ‘டாஸ்க்_ஐடில்’ என மாற்றுங்கள். எழுத்து ‘ஐ’, லோடு அசையாது, எச்சரிக்கையும் இல்லை. ஒன்றையொன்று சாராத மூன்று சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்வதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

இந்த நிலையெழுத்தை ‘/proc’-இல் உள்ள ‘ஸ்டாட்’ கோப்பிலிருந்து தேர்ந்த கைகள் வாசிக்கும் விதமும் தனி. நிலை மூன்றாவது புலம்தான். ஆனால் இரண்டாவதான பெயரில் இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம். அதனால் கடைசி அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்துதான் எண்ணுவார்கள். சதுர அடைப்புப் பெயரை நம்பாமல் ஒன்பதாவது புலத்தில் 2097152-க்கு உரிய பிட்டையும் பார்ப்பார்கள். கெர்னல் த்ரெட் வேடமிட்ட சாதாரண நிரலிடம் அது இருக்காது.