புகைக்கு மீசை வைத்தது யார்?

சிங்கிள் மால்ட் விஸ்கிக்குச் சுவைக்குறிப்பு எழுதுவதை ஒரு தனி இலக்கிய வகையாகவே கொள்ளலாம். நான்கைந்து வரிகள்தான். முதலில் மணம், பிறகு நாவில் தெரிவது, கடைசியில் விழுங்கிய பின் தொண்டையில் தங்குவது. எழுதுகிறவர் தன் நினைவில் இருக்கும் வாசனைகளைத் துழாவி எடுத்து வைக்கிறார். வெனிலா, இஞ்சி கேக், ஆரஞ்சுத் தோல் மர்மலேட், ஓட்ஸ் கஞ்சி, கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகு. நல்ல குறிப்பு ஒன்றைப் படித்தால் ஸ்காட்லாந்து வீடொன்றின் அடுக்களைக்குள் நுழைந்தது போலிருக்கும். அங்கே நின்று சமைத்தவள் மட்டும் காணாமல் போயிருப்பாள்.

குடிக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்த ஊரிலிருந்துதான் எழுதுகிறேன், அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ரசனை என்ற பெயரில் உடலைப் பற்றிப் பேசும் எந்த மொழியையும் நாம் படித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

சட்டப்படி ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட் ஆகியவற்றிலிருந்து காய்ச்சி வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஊறவைத்தது. அதன் மணங்களுக்கெல்லாம் காரணம் சொல்லமுடியும். வெனிலா வாசனை ஓக் மரத்திலிருந்து இறங்குவது. தேங்காய் வாசனையும் அப்படியே, அந்த மரத்தின் லாக்டோன்கள் தருவது. கிராம்பில் இருக்கும் அதே யூஜினால் பீப்பாய்க்குள்ளும் இருக்கிறது. வாழைப்பழ வாசம் ஈஸ்ட் நொதிக்கும்போது பிறக்கும் எஸ்டர். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிக் கிடந்த பீட்டை வெட்டி உலர்த்தி, அதை எரித்த புகையில் பார்லியைக் காயவைத்தால் ஃபீனால்கள் தானியத்தில் ஏறிக்கொள்ளும். இவை எதிலும் ஆண் பெண் கிடையாது.

அப்படியிருக்க, 2020 செப்டம்பரில் பெக்கி பாஸ்கின் என்ற விஸ்கி எழுத்தாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஜிம் முர்ரே ஆண்டுதோறும் வெளியிட்டு, உலகெங்கும் விற்ற ‘விஸ்கி பைபிள்’ என்ற வழிகாட்டியில் விஸ்கியைக் ‘கவர்ச்சி’ என்று பாலியல் பொருளில் வர்ணித்த இடங்கள் மட்டும் 34. ஒரு மதுவைக் குடிப்பதைப் பெண்ணோடு கலவி கொள்வதற்கு ஒப்பிட்ட வரிகளும் இருந்தன. லண்டனின் பெரிய விஸ்கி வணிகர்களில் ஒருவரான விஸ்கி எக்ஸ்சேஞ்ச் அந்த நூலை விற்பதை நிறுத்தியது. முர்ரே மறுத்தார். இது பால்பேதம் பற்றிய விவாதமே அல்ல, விமர்சகன் என்ற தொழிலின் மீது நடக்கும் தாக்குதல் என்றார்.

சரி, விமர்சனமாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு விஸ்கி படுக்கையறைப் பெண்ணைப் போல இருக்கிறது என்று படித்தபின் எனக்கு என்ன தெரிந்தது? அதில் புகை உண்டா, பழம் உண்டா, உப்புக் கரிப்பு உண்டா? ஒன்றும் தெரியவில்லை. எழுதியவரின் ஆசை மட்டும் தெரிந்தது. பெண்களை அவமதிப்பது ஒரு பக்கம். அதோடு, சோம்பேறித்தனமான விமர்சனமும்கூட அது. மூக்கு தோற்ற இடத்தில் பெண்ணுடல் முட்டுக்கொடுக்க வருகிறது.

இதைவிட நாசூக்கான வழக்கம் ஒன்று உண்டு, அதுதான் அதிகம் பரவியது. ஸ்பேசைடு பகுதியின் பூ, பழ வாசனை கொண்டவை ‘பெண்மை’ உடையவை. ஐலா தீவின் புகையும் அயோடினும் வீசுபவை ‘ஆண்மை’ உடையவை. ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண் எரிய ஊதாங்குழல் ஊதிய எந்தப் பெண்ணிடமாவது புகை ஆண்களுடையது என்று சொல்லிப் பாருங்கள்.

ஐலாவிலேயே கேட்டாலும் பதில் கிடைக்கும். புகைக்கும் மருந்து நெடிக்கும் பேர்போன லஃப்ரோய்க் வடிசாலைக்கு 1934-இல் பெஸ்ஸி வில்லியம்சன் தற்காலிகச் சுருக்கெழுத்துத் தட்டச்சராக வந்தார். முதலாளி இயன் ஹன்டர் நோயில் விழுந்தபின் பொறுப்புகள் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. 1954-இல் ஹன்டர் இறந்தபோது வடிசாலையை அவருக்கே எழுதிவைத்திருந்தார். 1972-இல் ஓய்வுபெறும்வரை பெஸ்ஸி அங்கே இருந்தார். ஆண்மையின் உச்சம் என்று மீசை முறுக்கிக் குடிக்கப்பட்ட அந்தப் புகையை அத்தனை காலம் கட்டிக்காத்தவர் ஒரு பெண்.

ஸ்பேசைடின் கார்டூ கதை இன்னும் பழையது. பண்ணைவீட்டில் உரிமமில்லாமல் காய்ச்சிய ஹெலன் கம்மிங், கலால் அதிகாரிகள் வந்தால் உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாராம். வெளியே சிவப்புக் கொடியை ஏற்றி அக்கம்பக்கத்தாரை உஷார்ப்படுத்துவாராம். 1824-இல் கிடைத்த உரிமம் கணவர் ஜானின் பெயரில். (அடுப்படி அவளுக்கு, பட்டா அவனுக்கு. இது நமக்குப் புதிதா என்ன?) 1872-இல் மருமகள் எலிசபெத் பொறுப்பேற்றார். 1880-களில் புதிய வடிசாலை கட்டினார். அவர் விற்ற பழைய செம்பு வடிகலன்களை வாங்கிக்கொண்டுபோன வில்லியம் கிராண்ட், அவற்றை வைத்துத்தான் கிளென்ஃபிடிக்கைத் தொடங்கினார். 1893-இல் எலிசபெத் கார்டூவை ஜான் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு 125 ஆண்டுகள் கழித்து, 2018-இல், அந்த ஜானி வாக்கர் பெண்களைக் கவர ‘ஜேன் வாக்கர்’ என்று ஒரு கற்பனைப் பெண்ணை போத்தலில் நடக்கவிட்டது. கையில் எலிசபெத்தை வைத்துக்கொண்டு!

சுவைக்கும் முறையிலும் இதே வீறாப்புதான். தண்ணீர் கலக்காமல் குடிப்பவனே ஆம்பளை என்பார்கள். ஆனால் கலவை வல்லுநர்கள் வேலை நேரத்தில் விஸ்கியைச் சுமார் 20 சதவீத ஆல்கஹால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் முகர்கிறார்கள்; செறிவாக இருந்தால் மூக்கு மரத்துப்போகும். புகைவாசம் தரும் குவையக்கால் என்ற மூலக்கூறு, தண்ணீர் சேர்த்தால் திரவத்தின் மேற்பரப்புக்கு நெருங்கி வருகிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி உருவகப்படுத்தலில் 2017-இல் காட்டினார்கள்.

வேறு மொழி இல்லாமலும் இல்லை. 1979-இல் எடின்பரோ அருகே பென்ட்லண்ட்ஸ் ஆய்வகத்தின் நால்வர் விஸ்கியின் மணங்களைத் தானியம், பழம், மரம், கந்தகம், ஃபீனால் என்று வகுத்து ஒரு சக்கரமாக வரைந்தார்கள். அவர்களில் ஷீலா பர்டில்ஸும் ஒருவர். வேதியியல் படித்த ரேச்சல் பாரி இன்று கிளென்ட்ரோனக், பென்ரியக் வடிசாலைகளின் தலைமைக் கலவை வல்லுநராக இருக்கிறார். முர்ரேயின் முதல் வழிகாட்டி வருவதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே அந்தச் சக்கரம் இருந்தது. அதில் எந்தப் பெண்ணின் இடுப்பும் இல்லை.