ஒரு மரம், இரு படங்கள்: மொழியியல் நூல்களில் படத்தின் பணி

மொழியியல் நூல்களில் இடம்பெறும் படங்கள் இருவகைப்படும். கண்ணுக்குப் புலப்படும் ஒன்றைக் காட்டுவது ஒருவகை. ஒலியுறுப்புகளின் படம் இவ்வகையினது. கண்ணுக்குப் புலப்படாத உறவொன்றைக் கோடுகளாலும் இடங்களாலும் விளக்குவது மற்றொருவகை. இலக்கணக் கூறுகளின் எதிர்நிலைகளைக் கட்டங்களில் அமைக்கும் அட்டவணை இதற்குச் சான்று. விளக்கவேண்டிய இடத்தில் காட்டும் படம் வந்து அமர்ந்துவிட்டால் கருத்தே திரிந்துபோகும். இவ்வுண்மைக்குத் தற்கால மொழியியலின் மூலநூல்களுள் ஒன்றே எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

சசூர் 1907 முதல் 1911 வரை ஜெனீவாவில் பொதுமொழியியலை மூன்று முறை கற்பித்தார், 1913இல் மறைந்தார். மாணவர்களின் குறிப்பேடுகளைக் கொண்டு பாலி, செஷே ஆகிய இருவரும் உருவாக்கிய 'பொதுமொழியியல் பாடம்' 1916இல் வெளிவந்தது. குறியின் இயல்பை ஆராயும் இயலின் தொடக்கத்தில் ஒரு மரமும் ஒரு குதிரையும் வரையப்பட்டு, அவற்றுக்குரிய இலத்தீன் சொற்கள் அருகே தரப்பட்டுள்ளன. மொழி என்பது பொருள்களுக்கு இட்ட பெயர்களின் பட்டியல் என்னும் பழங்கருத்தின் படம் அது. மறுக்கப்படுவதற்காகவே அங்கு அது வைக்கப்பட்டுள்ளது. குறி பொருளையும் பெயரையும் இணைப்பதன்று. கருத்தையும் ஒலிப்படிமத்தையும் இணைப்பது என்பதே சசூர் நிறுவும் கொள்கை.

இக்கொள்கையை விளக்க, நடுவே கோடிட்ட முட்டை வடிவம் ஒன்று தரப்படுகிறது. மேற்பாதியில் கருத்து, கீழ்ப்பாதியில் ஒலிப்படிமம். இதுவரை தடையில்லை. இதனையடுத்து வரும் இரு வடிவங்களில்தான் சிக்கல் எழுகிறது. ஒன்றில் 'ஆர்போர்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு மேல், மரத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது. மற்றொன்றில் அதே இலத்தீன் சொல்லுக்கு மேல் மரத்தின் ஓவியம் நிற்கிறது. சற்றுமுன் பொருளின் அடையாளமாக நின்று மறுக்கப்பட்ட மரம், இப்போது கருத்தின் அடையாளமாகத் திரும்பி வந்துவிடுகிறது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. உரைநடை விலக்கியதைப் படம் மீண்டும் உள்ளே கொணர்கிறது எனலாம்.

இவ்வோவியமும் வடிவங்களின் இருபுறமும் உள்ள அம்புகளும் பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை என்பதைத் துல்லியோ தெ மௌரோ தமது 1967ஆம் ஆண்டுப் பதிப்பின் குறிப்புகளில் சுட்டியுள்ளார். பதிப்பாசிரியர்களின் நோக்கத்தில் குறைகாண்பதற்கில்லை. தொடக்கநிலை மாணவருக்குக் குறியின் இருமையை அவ்வோவியம் எளிதில் உணர்த்துகிறது. ஆனால் அந்த எளிமைக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. குறிப்பீடு என்பது உலகில் உள்ள பொருளே என்று கொள்ளும் பிழை, இப்படத்தால் வலுப்பெறுகிறது.

அதே நூலில் மொழிசார் மதிப்பைப் பேசும் இயலில் உள்ள படம் இதற்கு மாறானது. உருவமற்ற இரு பரப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அலைபோல் நெளிகின்றன. ஒன்று எண்ணம், மற்றொன்று ஒலி. செங்குத்துக் கோடுகள் இரண்டையும் ஒருசேர வெட்டுகின்றன. வெட்டுக்கு முன் எந்த எல்லையும் இல்லை என்பதே படத்தின் செய்தி. உலகில் எங்கும் காண இயலாத காட்சி இது. அதனாலேயே இதனைப் பொருளின் சாயலாகக் கொண்டு மயங்க வழியில்லை.

சசூரின் இச்சிந்தனையை வளர்த்தெடுத்த டென்மார்க் அறிஞர் லூயி யெல்ம்ஸ்லெவ், 1943இல் டேனிஷ் மொழியில் வெளியிட்ட மொழிக்கோட்பாட்டு நூலில் மீண்டும் மரத்திடமே வருகிறார். ஆனால் அங்கு மர ஓவியம் இல்லை. கட்டங்கள் மட்டுமே உள்ளன. ஜெர்மன் மொழியில் 'பாவ்ம்', 'ஹோல்ட்ஸ்', 'வால்ட்' என்னும் மூன்று சொற்கள் முறையே நிற்கும் மரம், மரப்பொருள், காடு ஆகியவற்றைக் குறிக்கின்றன. டேனிஷ் 'ட்ரே' முதலாவதன் எல்லையைக் கடந்து இரண்டாவதன் பகுதிக்குள் செல்கிறது. பிரெஞ்சு 'புவா' மரப்பொருளையும் சிறுகாட்டையும் ஒருங்கே தழுவுகிறது. பெருங்காட்டுக்கு 'ஃபொரே' உண்டு. மும்மொழிக் கட்டங்களின் கோடுகள் ஒன்றோடொன்று நேர்படாமல் விலகி நிற்கின்றன. அவ்விலகலே இங்கு கருத்து. கோடுகளை நீக்கிவிட்டால் அவ்விலகலை உணர்த்தப் பல வாக்கியங்கள் வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வேறுபாடு நடைமுறை முக்கியத்துவம் உடையது. சசூர் நூலின் மர ஓவியத்தை எம்மொழிக்கும் அப்படியே எடுத்துச் செல்லலாம். அடியில் உள்ள சொல்லை மாற்றினால் போதும். மொழி மாறியும் படத்தின் மேற்பாதியில் எதுவும் மாறவில்லை என்பதே அது மொழியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பதற்குச் சான்று. யெல்ம்ஸ்லெவின் அட்டவணையில் தமிழுக்கு ஒரு பத்தி சேர்க்க முயன்றால் கோடுகளை மீண்டும் வரைய நேரிடும். தமிழின் 'மரம்' நிற்பதையும் குறிக்கும். மரப்பெட்டி, மரநாற்காலி என்னும் வழக்குகளில் வெட்டிச் செய்ததையும் குறிக்கும். ஆனால் எரிப்பதற்கு உரியது 'விறகு' எனப் பிரிந்துவிடும். வளர்த்த மரக்கூட்டம் 'தோப்பு' ஆகும். 'காடு' கொங்கு வட்டாரத்தில் புன்செய் நிலத்தையும் குறிப்பதால் அட்டவணையின் விளிம்பையே தாண்டிச் செல்கிறது.

இவ்விடத்தில் யெல்ம்ஸ்லெவ் படத்தின் வரம்பும் புலனாகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று முன்னரே விரிக்கப்பட்டிருப்பது போன்ற தோற்றத்தைக் கட்டங்கள் தருகின்றன. மொழிக்கு முன் பொருட்பரப்புக்கு உருவமில்லை என்பது அவரது கொள்கை. கட்டத்தின் நேர்கோடுகள் அக்கொள்கைக்குச் சற்று முரணானவையே. எனினும் இப்பிழையைப் படத்தைக் கொண்டே கண்டறிய முடிகிறது. தமிழ்ச் சொல் கட்டத்துக்கு வெளியே நிற்கும்போது பொது அளவுகோலின் போதாமை வெளிப்படுகிறது. மர ஓவியம் அத்தகைய சோதனைக்கு இடமளிப்பதில்லை.

எனவே கோட்பாட்டு நூல்களைத் தமிழாக்குவோர், படத்தை உரைக்குப் புறம்பான அணியாகக் கருதி அச்சகத்தின் பொறுப்பில் விட்டுவிடுதல் தகாது. படம் காட்டுகிறதா, விளக்குகிறதா என்பதை முதலில் துணிதல் வேண்டும். காட்டும் படமாயின், உரையின் வாதத்துக்கு அது மாறுபடுகிறதா என நோக்கி, மாறுபடின் அடிக்குறிப்பால் எச்சரித்தல் நலம். விளக்கும் படமாயின், அதன் கோடுகளும் மொழிபெயர்க்கப்படவேண்டிய பகுதியே ஆகும்.