அகதிகள் கூட்டிய சபை

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் நெருக்கியடித்துக்கொண்டு தத்தளித்தார்கள். மீன் பிடிக்கப் போன கஸ் டால்ட்டன் அவர்களைக் கண்டு கைகொடுத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 2016இல், அப்படிக் கரையேறியவர்களில் சிலர் மீண்டும் அந்தக் கரைக்குப் போய் அவருக்கு நன்றி சொன்னார்கள். நன்றி சொல்லப் போனவர்கள் அப்போது கனடியக் குடிமக்கள்.

அகதிகளைப் போற்றும் விழாக்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பிரிட்டனில் 1998 முதல் அகதிகள் வாரம் கொண்டாடுகிறார்கள். ஜூன் 20 உலக அகதிகள் நாளாக 2001 முதல் அனுசரிக்கப்படுகிறது. மேடையேறுபவர்கள் பெரும்பாலும் மருத்துவர், கடைக்காரர், விளையாட்டு வீரர். அது நியாயமான பெருமைதான். ஆனால் வந்தவர்கள் தங்கள் மொழிக்கு என்ன கொடுத்தார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தமிழைப் பொறுத்தவரை அந்தக் கொடை மிகப் பெரியது.

1988இல் ஜெர்மனியில் ஈழத்து அகதிகள் சிலர் கூடித் தொடங்கியது ‘இலக்கியச் சந்திப்பு’. அதற்குத் தலைவர் கிடையாது, நிரந்தர அலுவலகம் கிடையாது. ஒரு நகரத்தில் கூடிப் பேசி முடித்ததும், அடுத்த முறை எந்த நகரத்து நண்பர்கள் பொறுப்பெடுப்பது என்று முடிவாகும். அன்றைய ஜெர்மனியில் தஞ்சம் கோரியவர் தம் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு கதையைப் பற்றிப் பேச ரயில் ஏறுவதும் அங்கே சட்டச் சிக்கலாகலாம்.

அந்த அகதிகள் நடத்திய சிற்றிதழ்களை இன்று ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் புரட்டலாம். ஜெர்மனியின் தூண்டில், நோர்வேயின் சுவடுகள், பிரான்சின் எக்ஸில், உயிர்நிழல் எனப் பட்டியல் நீளும். தொடக்க கால இதழ்கள் சிலவற்றில் எழுத்து நேராக ஓடாது. கையால் எழுதிப் போட்டோகொப்பி எடுத்த பக்கங்கள் அவை. பகலெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவிய கைகள், இரவில் ஒட்டி மடித்துத் தபாலில் சேர்த்த பக்கங்கள்.

இலக்கியச் சந்திப்புகளில் பாராட்டுரைகளைவிடச் சண்டைகள் அதிகம். அதுதான் அவற்றின் வலிமை என்று தோன்றுகிறது. ஈழத்தின் ஆயுத இயக்கங்களை விமர்சிக்க ஊரில் வாய் திறக்க முடியாத காலத்தில், இங்கே திறந்து பேசினார்கள். அதற்கும் விலை இருந்தது: எழுத்தும் பதிப்பும் என்று இயங்கிய சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில், தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் கூட்டங்கள் நிற்கவில்லை. பெண்கள் தமக்கென்று ‘பெண்கள் சந்திப்பு’ நடத்தினார்கள். ஊரிலிருந்து கூடவே வந்துவிட்ட சாதியைப் பற்றி 2007இல் பாரிஸில் தலித் மாநாடே நடந்தது.

இந்தச் சூழலிலிருந்து எழுந்தவர்களில் ஒருவர் ஷோபாசக்தி. பிரான்சில் அகதியாகத் தஞ்சம் புகுந்தவர். ‘கொரில்லா’ நாவலை எழுதினார். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ படத்தின் நாயகனும் அவரே. ஈழத்துக் கவிஞர் சேரன் கனடாவிலிருந்து கவிதை எழுதுகிறார். அகதிகளாக வந்தவர்களால் பெருகிய டொரன்டோ தமிழ்ச் சமூகத்தில் 2001இல் ‘இலக்கியத் தோட்டம்’ என்ற அமைப்பு உருவானது. அதன் முதல் இயல் விருது நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமிக்குப் போனது. சென்னையை அண்ணாந்து பார்த்திருந்த புலம்பெயர் தமிழ், தமிழ்நாட்டு எழுத்தாளரை அழைத்து மரியாதை செய்யும் நிலைக்கு வந்திருந்தது.

2013இல் லண்டனில் 40ஆவது இலக்கியச் சந்திப்பு முடிந்ததும், 41ஆவது சந்திப்பை யாழ்ப்பாணத்திலேயே நடத்துவதென்று முடிவானது. இலங்கையில் போர் முடிந்து அப்போது நான்கே ஆண்டுகள். ராணுவம் சூழ்ந்த ஊரில் போய்க் கூடலாமா என்று கடும் வாக்குவாதம். அந்த ஜூலையில் கூடினார்கள். அதையொட்டி வந்த பெருந்தொகுப்புக்கு வைத்த பெயர் ‘குவர்னிகா’: 1937இல் குண்டுவீச்சில் சிதைந்த ஸ்பானிய ஊரின் பெயர்.