படகோட்டி யார், கூட ஏறியவர் யார்

கால்வாயில் படகு மெதுவாகப் போவதால் மட்டும் முன்பின் தெரியாதவரோடு பேச்சு வளர்ந்துவிடாது. அந்தத் தண்ணீரை ஊரார் இன்னும் புழங்குகிறார்களா என்பதுதான் கணக்கு. இலங்கையின் நீர்கொழும்பிலும் கேரளத்தின் ஆலப்புழையிலும் படகேறியபின் எனக்கு இதில் சந்தேகமில்லை.

இரண்டு ஊர்க் கால்வாய்களிலும் ஒருகாலத்தில் சரக்குப் போனது. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிப் போகும் கால்வாய் ஒல்லாந்தர் பெயரால் வழங்குகிறது. தெற்கே களனி ஆற்றையும் நீர்கொழும்புக் களப்பையும் இணைக்கும் ஹமில்டன் கால்வாயை ஆங்கிலேயர் 1804இல் முடித்தார்கள். ஆலப்புழையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் துறைமுகப் பட்டணத்தை எழுப்பியபோது கால்வாய்களும் வெட்டப்பட்டன.

நீர்கொழும்பில் நான் ஏறியது சுற்றுலாப் பயணிகளுக்கான சிறிய இயந்திரப் படகு. அதை ஓட்டியவர் மீனவர். இரு கரையிலும் கட்டிக்கிடந்த மீன்பிடி வள்ளங்களில் பாதி அவருடைய உறவுக்காரர்களுடையவை. அதனால் எங்கு வேண்டுமானாலும் படகை ஒதுக்குவார். தென்னைக்குத் தென்னை கட்டிய கயிற்றில் நடந்து கள் இறக்குபவரை அண்ணாந்து பார்க்க ஓரிடத்தில் நிறுத்தினார். இன்னோரிடத்தில், வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முதியவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "இந்தியாவா? வேளாங்கண்ணிக்குக் கிட்டவா?"

வேளாங்கண்ணிக்கு அவர் வந்திருக்கிறார். அவருடைய அம்மா செபம் சொல்லிக் கொடுத்தது தமிழில்தான்; இன்றும் இரவுச் செபம் அவருக்குத் தமிழில்தான் வருகிறது. பேரப்பிள்ளைகளுக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் கத்தோலிக்க மீனவர்கள் பலர் தமிழ் பேசியவர்கள். 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் சிங்களத்துக்கு மாறியதும் வீட்டு மொழியும் மெல்ல மாறியது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். வலை ஊசியைக் கீழே வைக்காமல் ஒருவர் அதைச் சொல்லக் கேட்டது நெஞ்சில் தைத்தது. இறங்கும்போது படகோட்டி காசு வாங்க மறுத்தார். வேளாங்கண்ணியில் ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

ஆலப்புழையில் உல்லாசப் படகு என்றால் வீட்டுப் படகு. நெல் சுமந்த கெட்டுவள்ளம், ஆணியின்றிக் கயிற்றால் பலகை தைத்த அழகான வேலை, 1990களில் படுக்கையறையும் சமையலறையும் கொண்டதாக மாறியது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் படித்துறையில் துணி துவைக்கும் பெண்ணும் மேல்தளத்துப் பயணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு சரி. மீனவர்கள் வலை விரிப்பதற்காக மாலை ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டிவிட வேண்டும் என்பது நல்ல விதி. அதன் பிறகுதான் ஊர் கொஞ்சம் கிட்டே வருகிறது.

பேச்சுத்துணை வேண்டுமென்றால் மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் ஏற வேண்டும். சில பத்து ரூபாய் கொடுத்தால் கோட்டயம் வரை போகலாம். மணியடித்ததும் படகு வேகம் குறைத்து ஒவ்வொரு துறையிலும் ஒதுங்கும். பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடையோடு பெண்களும் ஏறுவார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயலில் தண்ணீர் இறைத்து எப்படி நெல் விளைகிறது என்று எனக்கு விளக்கியவர், அங்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மாதான். எனக்கு மலையாளம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அரைகுறை. அவர் இறங்கும் துறை வரும்வரை பேச்சு ஓயவில்லை. நீர்கொழும்பில் படகோட்டி சேர்த்துவைத்த அறிமுகத்தை இங்கே பக்கத்து இருக்கையே தந்தது.

சென்னைப் பக்கத்திலும் இப்படியொரு நீர்வழி இருந்தது: பாரதிதாசன் ஒருகாலத்தில் நண்பர்களோடு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போய்ப் பாட்டும் எழுதினார். அந்தக் கால்வாயில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. முடிகிற இடத்திலாவது அதைத் தூர்வாரிப் படகு விடும் நாள் வந்தால், கோவளத்து மீனவருக்கு ஓட்டும் வேலையும் கேளம்பாக்கத்து மாணவிக்குக் கட்டுப்படியாகும் சீட்டும் கிடைக்கவேண்டும்.