அமிர்தா சேர்கிலின் தென்னாட்டு ஓவியங்கள்: ஒரு மறுநோக்கு

அமிர்தா சேர்கில் (1913–1941) குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் அவர்தம் குறுகிய வாழ்நாளையே பேசுகின்றன. புடாபெஸ்ட்டில் பிறந்தவர், தந்தை சீக்கியப் பிரபு, தாய் அங்கேரியப் பாடகி. பாரிஸில் பயின்று, 'இளம்பெண்கள்' (1932) என்னும் ஓவியத்திற்குத் தங்கப் பதக்கம் பெற்றார். யாவரும் அறிந்த செய்திகள் இவை. நாம் நோக்க விழைவது 1937இல் அவர் தீட்டிய மூன்று தென்னாட்டு ஓவியங்களையே: 'மணமகள் ஒப்பனை', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'.

இறுதி ஓவியம் நமக்கு அந்நியமானதன்று. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்தது. அதற்குமுன் கப்பலேறிய நம் முன்னோர் இக்கிராமத்தார் போன்றோரே. பினாங்கு பைராம் தோட்டத்தில் மூதாட்டி ஒருவரிடம் இதன் அச்சுப்படியைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தவர், "சந்தைக்குப் போறவங்க இப்படியா வாய மூடிக்கிட்டுப் போவாங்க?" என்றார்.

திறனாய்வாளர் பலர் இம்மௌனத்தை அசந்தாவின் தாக்கம் என்பர். தென்னாடு வருமுன் அவர் அசந்தாவைக் கண்டு வியந்தது உண்மையே. ஆயின் அசந்தாவில் கண்ணும் கையும் உரையாடுகின்றன. அவற்றின் வண்ணத்தையும் உடல் திரட்சியையும் சேர்கில் பெற்றார், உரையாடலைப் பெறவில்லை. எனவே இம்மௌனம் கிராமத்தாருடையதன்று, ஓவியருடையது என்பதே எம் கருத்து. ஏழ்மையைத் துயராகவே காணும் கண், சந்தைவழிப் பேச்சையும் சிரிப்பையும் தவறவிட்டது. 'பிரம்மசாரிகள்' இதற்கு விலக்கு. வெண்ணிற வேட்டியுடன் அமர்ந்த ஐவருக்கு அமைதி இயல்பாகவே பொருந்துகிறது. மூன்றனுள் இதுவே சிறந்தது.

திருமணத்திற்குப்பின் அவர் கோரக்பூரை அடுத்த சராயாவில், உறவினரின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் வாழ்ந்தார். முதலாளி வீட்டிலிருந்து பார்க்கும் பார்வை எத்தகையது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் அங்குதான், முகலாய, பசோலிச் சிற்றோவியங்களின் துணையால், அவர் ஓவியங்களில் மாந்தர் தம்முள் நெருங்கலாயினர். 'முதிய கதைசொல்லி' (1940) ஓவியத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கின்றனர். மூதாட்டி தேடிய பேச்சு அங்குத் தொடங்கிவிட்டது. மறு ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், லாகூரில், 28ஆம் வயதில் அமிர்தா மறைந்தார்.